கம்பைலரைக் கொன்றது யார்?

“மெடம், இது கொலைக் கேஸ். மிசினே வாக்குமூலம் குடுத்திட்டுது” என்றேன்.

கம்பியூட்டர் திரையில், வெள்ளை எழுத்துக் குவியலுக்கு நடுவில், ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடந்தது. கொல்லப்பட்டது. யார் கொன்றார்கள், எதற்காகக் கொன்றார்கள் என்று ஒரு விளக்கமும் இல்லை.

பரீதா சிரிக்கவில்லை. துறைமுகத்தில் கம்பியூட்டர் பிரிவை நடத்தி ஓய்வுபெற்று, மத்திய வீதியில் ஒரு மாடி அறையில் ‘பரீதா விசாரணை நிலையம்’ என்று பலகை தொங்கவிட்டிருக்கும் பெண்மணி அவர். வேறு நாளாக இருந்தால் என் பகிடிக்கு ஒரு உதட்டுச் சுழிப்பாவது கிடைத்திருக்கும். நான் யோகலிங்கம், அவருடைய ஒரே உதவியாளன். முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில், மற்றவர்களுடைய விபத்துகளை நம்பாமல் இருப்பதுதான் என் உத்தியோகம். அந்தப் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை.

“மெல்லமாக் கதைங்க, யோகலிங்கம். பின்னால ஆக்கள் இருக்காங்க.”

இருந்தார்கள். சல்லிக் கிராமத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள் சுவரோரம் வாங்குப் பலகைகளில் நெருக்கியடித்துக்கொண்டு எங்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அழவில்லை. அழுதால் நடந்துவிட்டது என்று ஆகிவிடும் என்று பயந்தார்களோ என்னவோ.

விசயம் இதுதான். கிருஷாந்த், மதுசன் என்று சல்லியில் அண்ணன் தம்பி இரண்டு பேர். காற்று கிளம்பிய அன்று கடலுக்குப் போன படகுகளெல்லாம் நேற்றுக் காலைக்குள் கரைக்கு வந்துவிட்டன. இவர்களுடையது மட்டும் வரவில்லை. கடற்படை வடக்கே புல்மோட்டைப் பக்கம் தேடிக்கொண்டிருந்தது. கிருஷாந்த் வழக்கமாக வடக்கேதான் போவான் என்று எல்லோரும் சொன்னதால் அங்கே போனார்கள். கடல் என்ன சந்தைத் திடலா, ஒரு சுற்றுச் சுற்றினால் ஆள் அகப்பட?

படகு எங்கே நிற்கிறது என்பது நாங்கள் நின்ற இந்தச் சிக்னல் அறைக்குத் தெரியும். அதுதான் கொடுமை. மீனவர் சங்கத்துப் படகு ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அது தான் நிற்கும் இடத்தை ரேடியோவில் கத்திக்கொண்டே இருக்கும். உவர்மலைச் சரிவில் இருக்கும் இந்தச் சங்கக் கட்டடத்தின் கூரையில் உள்ள அன்டெனா அந்தக் கத்தலைப் பிடித்து, கீழே உள்ள கம்பியூட்டரில் பதிந்துகொண்டிருந்தது. நேற்றிலிருந்து கத்தல் வந்துகொண்டேயிருக்கிறது. ஆனால் அந்தக் கர்புர் சத்தத்தை இடமாக மாற்றிச் சொல்லும் டிகோடர் என்ற புரோகிராம்தான் இல்லை.

ஏன் இல்லை? இந்தக் கம்பியூட்டர் கட்டி முடித்த வீட்டை வாங்கிக் குடிபோகும் ரகம் இல்லை. கல்லும் மண்ணும் வாங்கித் தானே கட்டும் லினக்ஸ் ரகம். ஒவ்வொரு புரோகிராமையும் அதன் மூலத்திலிருந்து இங்கேயே கட்டவேண்டும். கட்டுகிற மேசனுக்குக் கம்பைலர் என்று பெயர். காற்றுக்கு முதல்நாள் சங்கத்தின் தொழில்நுட்பக்காரன் றுமைஸ் எல்லாவற்றையும் புதுப்பித்தான். பழைய டிகோடர் அழிந்தது. காற்றில் கரண்ட் போய், நேற்றுக் காலை வந்து, புதியதைக் கட்டத் தொடங்கியபோதுதான் படகைக் காணவில்லை என்று செய்தி வந்தது. அந்த நேரத்திலிருந்து கட்டுமானம் திரும்பத் திரும்ப இடிந்து விழுந்துகொண்டிருக்கிறது.

வேறு கம்பியூட்டரில் கட்டினால் என்ன என்று நானும் கேட்டேன். இந்தச் சின்ன மிசினுக்கென்றே எழுதிய டிகோடர் அது. என் மடிக்கணினியில் கட்டுவதற்கு வேண்டிய சாமான்களை இணையத்தில் இறக்கவேண்டும். காற்று இணைய லைனை அறுத்துவிட்டது. போனில் கதைக்க மட்டும்தான் முடிகிறது. ஆக, இந்த அறையில், இந்த மிசினில் நடந்தால்தான் உண்டு.

எங்களைக் கூப்பிட்டது லக்சாயினி. கிருஷாந்தின் மனைவி, இந்த அறையைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான். போனில் அவள் சொன்னது இன்னும் என் காதில் இருந்தது.

“ஆரோ கெடுத்துப்போட்டினம், மெடம். ஆர் எண்டு கண்டுபிடியுங்கோ. கெடுத்தவருக்குத்தானே திருத்தத் தெரியும்.”

ஆர் என்று ஊர் ஏற்கெனவே முடிவுகட்டியிருந்தது. கிண்ணியாவிலிருந்து உதவிக்கு ஓடிவந்த றுமைஸை, சங்கத்துப் பொடியன்கள் பக்கத்துச் சாமான் அறையில் போட்டு அடைத்துவிட்டார்கள். அடிக்கவில்லை. இதுவரைக்கும்.

“கடைசி வரியில பிழை எண்டு இருக்கே, மெடம். அதைத் திருத்தினால் சரிவராதோ?” என்று கேட்டேன்.

“கடைசி வரி மரண அறிவித்தல் மாதிரி, யோகலிங்கம். ஆள் போயிட்டார் எண்டு மட்டும்தான் சொல்லும். என்னத்தில போனார் எண்டு பார்க்க மேலே போகணும்.”

அவர் மேலே மேலே போனார். நேற்றிலிருந்து விழுந்த ஒவ்வொரு கட்டுமானத்தின் பதிவையும் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே புருவம் ஏறியது.

“இங்க பாருங்க. ஒரு தரம் தொடக்கத்திலேயே விழுந்திருக்கு. ஒரு தரம் பாதியில. இன்னொரு தரம் முடிய ஒரு மயிரிழை இருக்கேக்க. ஒரே இடத்தில ரெண்டு தரம் விழவே இல்ல.”

“அதுக்கு?”

“றோட்டில குழி இருந்தா எல்லா ஓட்டோவும் அதே குழியிலதானே விழும்? றுமைஸ் எழுதினதில பிழை இருந்தா ஒரே இடத்திலதான் விழணும். இது குழி இல்ல. ஆரோ ஓட்டோவைத் தள்ளிவிடுறாங்க.”

லக்சாயினி எங்கள் பக்கத்தில் நின்றாள். நேற்றிலிருந்து முகம்கூடக் கழுவியிருக்கவில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. “அப்ப றுமைஸ்தான் ஏதோ செய்துவைச்சிருக்கிறார், என்ன?” என்றாள்.

“தெரியல்ல, புள்ள. கேட்டுப் பார்ப்பம்” என்றார் பரீதா. கட்டுமானத்தைத் தன் கையால் புதிதாகத் தொடக்கினார். எழுத்துகள் சீராக ஓடத் தொடங்கின. அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் ஒருமிக்க மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

லக்சாயினி, நேற்றிலிருந்து செய்வதுபோல, கடற்படைக்குப் போன் எடுக்க முற்றத்துக்குப் போனாள். சாமான் அறை வாசலில் துடுப்போடு நின்ற ஒரு பொடியன் எங்களை உள்ளே விட்டான். எஞ்சின்களுக்கு நடுவில் றுமைஸ் நிலத்தில் குந்தியிருந்தான். முப்பது வயசு இருக்கும். கண் சிவந்திருந்தது.

“மெடம், நான் ஒண்டும் செய்யல்ல. அல்லாஹ் மேல ஆணையாச் செய்யல்ல.”

“கிருஷாந்தோட உங்களுக்குச் சண்டையாமே?” என்றேன். நம்பாமல் இருப்பது என் வேலை.

“ஓம். சண்டைதான். அவர்ட மீன் பார் எங்க இருக்கு எண்டு நான் மத்தவங்களுக்குச் சொல்லிட்டனாம். பெட்டி இடத்தைக் காட்டுறதால எனக்குத் தெரியும்தானே. ஆனா நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல, அண்ணன்.”

கடலடியில் மீன் அடையும் பாறைத் திட்டை ஒருவன் கண்டுபிடித்தால் அதைப் பெண்சாதிக்குக்கூடச் சொல்லமாட்டான். அதை இன்னொருவன் திரையில் பார்த்துவிட்டான் என்றால் சண்டை வராமல் சங்கீதமா வரும்? நோக்கம் சரியாகப் பொருந்தியது. எனக்கு அது பிடிக்கவில்லை. இன்சூரன்ஸில் இருந்த காலத்தில் சரியாகப் பொருந்திய கதைகள்தான் பெரும்பாலும் பொய்யாக இருந்தன.

பரீதா சண்டையைப் பற்றிக் கேட்கவே இல்லை. “கம்பைலர் விழல்ல, கொல்லப்படுது. மிசின்ட நினைவகம் நிரம்புதா?” என்று கேட்டார்.

றுமைஸின் தலை நிமிர்ந்தது. “நிரம்பினா அப்படித்தான் செய்யும், மெடம். தான் மூச்சு முட்டிச் சாகாம இருக்க, ஆகக் கூடத் தின்னுறவனைப் பிடிச்சு மிசினே கொல்லும். ஆனா ஏன் நிரம்பணும்? ஒரு மேசன்தானே வேலை செய்யுறான். ஒருத்தனுக்குத் தாராளமா இடம் இருக்கு. கரண்ட் போய் வந்தா லக்சாயினி அக்கா திரும்பத் தொடக்குறதுக்குத் திரையில ஒரு பச்சைப் பொத்தான்கூட வைச்சுக் குடுத்தன்.” எழுந்து நின்றான். “என்னை ஒருக்கா மிசினுக்கு முன்னால விடச் சொல்லுங்க. மதுசன் என்னோட படிச்சவன். நான் ஏன் மெடம் அவனை...”

பரீதா கதவுப் பக்கம் திரும்பினார்.

“கொலைகாரன் அகப்பட்டிட்டான்” என்றேன், வெளியே வந்ததும். “மிசினே செய்தது. தற்காப்புக்காக. கோர்ட்டில விட்டிடுவினம்.”

“சரி. அந்த மிசின்ட வாய்க்குள்ள பிடிச்சு அடைச்சது ஆரு?” என்றார் பரீதா.

நாங்கள் சிக்னல் அறைக்குள் நுழைந்தபோது எழுத்து ஓட்டம் நின்றிருந்தது. திரையில் மீண்டும் அதே சொல். வாங்கில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. நான் சுவரைப் பார்த்தேன்.

பரீதா பதிவை மேலே உருட்டினார். ஒரு வரியில் விரலை வைத்தார். குறிப்பிட்ட ஒரு கோப்பைக் காணவில்லை என்று கம்பைலர் முறையிட்டிருந்தது. அதற்குச் சற்று மேலே, அதே கோப்பைக் கட்டி முடித்துவிட்டேன் என்றும் எழுதியிருந்தது.

“கட்டின சுவரைக் காணல்லயாம்” என்றார்.

“மேசன் வெறியில இருந்திருப்பான்.”

“இல்ல. பின்னால ஆரோ இடிச்சிருக்காங்க.”

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு விளங்கவில்லை. திரையை விட்டுவிட்டு மவுஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடதுபக்கப் பொத்தானில் திருநீறு படிந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு மீன் செதில். கொஞ்சம் குங்குமம். தேங்காயெண்ணெய் மினுக்கம். ஒரு கைக்கு இத்தனை ருசி இருக்காது.

“இதை ஆரெல்லாம் தொடுறது, லக்சாயினி?”

“நான் மட்டும்தான், மெடம்.”

பரீதா அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார். கட்டுமானத்தை மறுபடி தொடக்கினார். எழுந்து நின்று, அறை முழுக்கக் கேட்கும்படி, “நாங்க ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறம். லக்சாயினி, நீங்களும் வாங்க, மயங்கி விழப் போறீங்க” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு உயிர் கடலில் கிடக்கிறது, இந்த மனிசிக்குத் தேத்தண்ணி! வாசலைத் தாண்டியதும் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் உதட்டில் விரலை வைத்துவிட்டு, கட்டடத்தைச் சுற்றி, துறைமுகத்தைப் பார்த்த பின்பக்க ஜன்னலுக்கு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். மூன்று பேரும் மறைவில் நின்று உள்ளே பார்த்தோம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கோணேஸ்வரி அம்மா எழுந்தார். காணாமல்போன இரண்டு பேருக்கும் தாய். சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை எடுத்து நெற்றியில் பூசினார். கம்பியூட்டரிடம் போய், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்து, மவுஸைப் பிடித்து அந்தப் பச்சைப் பொத்தானை அமத்தினார். கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்து இருந்தார்.

அடுத்து சாரம் கட்டிய ஒரு பெரிய மனிதர் போனார். அமத்தினார். வந்து இருந்தார். அடுத்து குங்குமம் வைத்த ஒரு பெண். அதற்கடுத்து இன்னொருவர். தள்ளுமுள்ளு இல்லை, சத்தம் இல்லை. தங்கள் முறைக்குக் காத்திருந்து ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

“ஐயோ” என்றாள் லக்சாயினி. “கரைவலை.”

“என்ன கரைவலை?” என்றேன்.

“வலை பாரமா வந்தா, கரையில நிக்கிற ஒருத்தரும் சும்மா பாத்துக்கொண்டு நிக்கக் கூடாது, அண்ணை. வழியால போற ஆளும் வந்து கயித்தில கை வைச்சு இழுத்திட்டுத்தான் போகவேணும். அது எங்கட ஊர் வழக்கம். நான்தான் மாமிக்குச் சொன்னனான், இதை அமத்தினா மிசின் வேலை செய்யத் தொடங்கும் எண்டு. அவை...” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொரு அமத்தலும் ஒரு கை என்று அவர்கள் நினைத்தார்கள். மிசினுக்கோ ஒவ்வொரு அமத்தலும் ஒரு புது மேசன். வந்தவன் முதல் வேலையாக முன்னவன் கட்டியதை இடித்துவிட்டு அத்திவாரத்திலிருந்து தொடங்குவான். அவன் முடிக்குமுன் அடுத்தவன். கடைசியில் மேசன்களால் வீடு நிரம்பி, மூச்சு முட்டி, மிசின் ஆளாளாகப் பிடித்துக் கொல்லத் தொடங்கும். எல்லோரும் விழுந்ததும் அமைதி. பிறகு லக்சாயினி வந்து அழுதுகொண்டே மறுபடி தொடக்குவாள். நேற்றிலிருந்து இதுதான் நடந்திருக்கிறது.

என் கண் முன்னாலேயே திரையில் அந்தச் சொல் வந்து விழுந்தது. உள்ளே கோணேஸ்வரி அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“போய்ச் சொல்லுவம், மெடம். பாவம், றுமைஸையும் வெளியில விடலாம்” என்றேன்.

“இப்ப வேணாம். இப்ப சொன்னா அந்த மனிசி நெஞ்சு வெடிச்சுச் செத்துரும். பொடியன்மார் கரைக்கு வரட்டும். அப்ப சொல்லுவம். எல்லாருமா இருந்து சிரிப்பாங்க.” லக்சாயினியின் தோளைப் பிடித்தார். “நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது, புள்ள. விளங்குதா?”

அவள் தலையாட்டினாள்.

பரீதா நேரே சாமான் அறைக்குப் போனார். துடுப்புப் பொடியன் மறித்தான். “இவர் இல்லாம மிசினைத் திருத்த ஏலா. ரெண்டு பேரும் உயிரோட வேணுமா, இல்ல இவரைக் காவல் காக்கணுமா? எது?” என்று கேட்டார். அவன் விலகினான். வருகிற வழியில் றுமைஸின் காதில் என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொன்னார். அவன் நடப்பதை நிறுத்திவிட்டான்.

“பூட்டு” என்றான். “ஒருத்தன் கட்டிக்கொண்டிருக்கேக்க இன்னொருத்தன் உள்ள வராம ஒரு பூட்டுப் போடணும். ஒற்றை வரி. நான் போடல்ல, மெடம். அக்கா ஒரு ஆள்தானே அமத்துவா எண்டு விட்டுட்டன்.”

“இப்ப போடுங்க. பிறகு அழுங்க.”

அறைக்குள் போனதும் பரீதா உறவுக்காரர்கள் முன்னால் நின்றார். “நீங்க இழுத்த இழுவையில வலை கரைக்குக் கிட்ட வந்திட்டு. இனிக் கயித்தை எங்கட கையில தாங்க. எல்லாரும் வெளிய போய் நிண்டு கும்பிடுங்க. இங்க சூடு கூடினா மிசினுக்குக் கூடாது” என்றார். அவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். பிறகு எழுந்து போனார்கள். கோணேஸ்வரி அம்மா மட்டும் அசையவில்லை.

“நான் போகமாட்டன், பிள்ளை. நான் இழுக்காமல் ஆர் இழுக்கிறது?”

அவரை வெளியே அனுப்ப எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. றுமைஸ் பூட்டைப் போட்டான். பச்சைப் பொத்தானை அழித்தான். எல்லா மேசன்களையும் துரத்திவிட்டு ஒரே ஒருவனைக் கொண்டு தொடங்கினான்.

எழுத்து ஓடியது. எவ்வளவு மெதுவாக ஓடியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த வேகத்துக்கு நானே செங்கல் சுமந்திருக்கலாம். கோணேஸ்வரி அம்மாவின் கை மவுஸை நோக்கி ஊர்ந்தது. பொத்தான் இல்லை என்று தெரிந்தும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். காய்ச்சுப் போய் மரக்கட்டையாக இருந்தது. அவர் இழுக்கவில்லை. என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. வந்திருந்தால் என்னை நானே அறைந்திருப்பேன்.

“தம்பி, சின்னவனுக்குத் தண்ணியெண்டா பயம்” என்றார் திடீரென்று. “கடற்கரையில பிறந்தும் பயம். அண்ணன் போறான் எண்டுதான் போறவன்.”

“வந்திடுவினம், அம்மா.”

“ஓம். வந்திடுவினம்.”

காலை மத்தியானமாகியது. நேற்று முடிய ஒரு மயிரிழையில் விழுந்த இடம் வந்தது. றுமைஸ் கண்ணை மூடிக்கொண்டான். பரீதாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறார் என்று தெரிந்தது. எழுத்து அந்த இடத்தைத் தாண்டியது. இன்னும் ஓடியது. பிறகு நின்றது. அந்தக் கெட்ட சொல் இல்லை. அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் வெற்றுக் கோடு மட்டும்.

“முடிஞ்சுது” என்றான் றுமைஸ்.

நேற்றிலிருந்து பதிந்த கத்தல்களை டிகோடருக்குள் விட்டான். திரையில் வரைபடம் திறந்து, ஒவ்வொரு புள்ளியாக விழத் தொடங்கியது. வடக்கே இல்லை. ஒரு புள்ளிகூட வடக்கே இல்லை. எஞ்சின் நின்ற படகை நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கொட்டியாரக் குடாவைத் தாண்டி, மூதூர்க் கரையைத் தாண்டி, புள்ளிகள் வரிசையாக இறங்கின. கடைசிப் புள்ளி வெருகலுக்கு நேரே, கரையிலிருந்து பெரிய தூரம் என்று சொல்ல முடியாத கடலில் நின்றது.

“வெருகலோ!” என்று கத்தினார் கோணேஸ்வரி அம்மா. “வெருகலில் என்ர தங்கச்சி புருசன் இருக்கிறார். அவரிட்டப் படகு இருக்கு.”

பரீதா கடற்படைக்கு இடத்தைச் சொன்னார். லக்சாயினி வெருகலுக்குப் போன் எடுத்தாள். எண்களை அவள் சொல்லச் சொல்ல, மறுமுனையில் கிருஷாந்தின் சித்தப்பா திருப்பிச் சொன்னது எனக்கும் கேட்டது. படகைத் தள்ளுகிறோம் என்றார். வெளியே நின்றவர்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். துடுப்புப் பொடியன் றுமைஸுக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். றுமைஸ் அதை வாங்கி மடக்மடக்கென்று குடித்தான். அப்போது ஒருவன் சிரித்ததுகூட எனக்கு ஞாபகம்.

பிறகு காத்திருந்தோம். காத்திருந்ததைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

போன் அடித்ததும் லக்சாயினி பாய்ந்து எடுத்தாள். கேட்டாள். அவளுடைய முகம் அப்படியே மலர்ந்தது.

“இருக்கிறார், மாமி! இருக்கிறார்! கதைக்கிறார்!”

அறையே எழுந்து நின்றது. கோணேஸ்வரி அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். “சின்னவன்? சின்னவனோட கதைக்கக் குடு, பிள்ளை.”

லக்சாயினி போனைக் காதில் வைத்தபடி நின்றாள். கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. போனைப் பரீதாவின் கையில் திணித்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

நான் பரீதாவுக்குப் பக்கத்தில் நின்றேன். கிருஷாந்தின் குரல் எனக்கும் கேட்டது. அவனுக்குத் தான் யாரோடு கதைக்கிறோம் என்றே தெரியவில்லை. “எஞ்சின் கழண்டு அவன்ர நெஞ்சில அடிச்சுப்போட்டுது. விடியுமட்டும் என்னோட கதைச்சவன். பெட்டி கத்துது, றுமைஸ் பாத்துக்கொண்டிருப்பான், வருவினம் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவன். வெளிச்சம் வந்தாப்பிறகுதான்...”

இன்று விடியல். கட்டுமானம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியிருந்தால் நேற்றுப் பின்னேரமே முடிந்திருக்கும். எனக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. பரீதாவின் முகத்தைப் பார்த்தேன், றுமைஸின் முகத்தைப் பார்த்தேன், லக்சாயினியின் முகத்தைப் பார்த்தேன். நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது.

ஒருவரும் சொல்லாமலே கோணேஸ்வரி அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் கத்திய கத்தலில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். எவ்வளவு நேரமோ கழித்து அவர் எழுந்து பரீதாவின் முன்னால் வந்து நின்றார்.

“நேற்றே இந்த மிசின் சொல்லியிருந்தா என்ர பிள்ளை இருந்திருப்பான். ஆர் கெடுத்தது? நீங்கள் துப்பறியிற ஆள்தானே? சொல்லுங்கோ. ஆர் என்ர பிள்ளையைக் கொன்றது?”

பரீதாவோடு நான் எத்தனையோ வழக்குப் பார்த்திருக்கிறேன். குற்றவாளியின் பெயரைச் சொல்ல அவர் ஒருநாளும் தயங்கியதில்லை. அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மிசினுக்கு முன்னால் மாறி மாறி நின்ற கைகளெல்லாம் அறைக்குள்தான் இருந்தன.

“நான்தான், அம்மா” என்றான் றுமைஸ்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“ஒரு பூட்டுப் போட்டிருக்கணும். ஒற்றை வரி. நான் போடல்ல. அதாலதான் பிந்தினது. வேற ஒருத்தர்லயும் பிழை இல்ல.”

கோணேஸ்வரி அம்மா அவனுடைய கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பிறகு மற்றக் கன்னத்தில். பிறகு நெஞ்சில் குத்திக் குத்தி அழுதார். அவன் கையைத் தூக்கவில்லை. லக்சாயினி மாமியாரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். அவனை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன். பரீதா என் முழங்கையை நகம் பதியப் பிடித்தார். நான் நின்றுவிட்டேன்.